கூட்டத்தைக் கொல்வது எது? கால்பந்து வன்முறையும் பூட்டிய கதவுகளும்

2022 அக்டோபர் 1 அன்று இரவு, இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில் உள்ள கஞ்சுருஹான் மைதானத்தில் 135 பேர் இறந்தார்கள். அரேமா அணி தன் பரம எதிரியான பெர்செபாயாவிடம் 2–3 என்ற கோல் கணக்கில் தோற்ற ஆட்டம் அது. ‘கால்பந்து ரசிகர்கள் மோதல், நூற்றுக்கும் மேற்பட்டோர் பலி’ என்ற அளவிலேயே அந்தச் செய்தி நம்மில் பலருக்கு நினைவில் இருக்கும். மோதல் என்றால் இரண்டு தரப்பு வேண்டும். அன்று பெர்செபாயா ரசிகர்களுக்கு மைதானத்துக்குள் அனுமதியே கிடையாது. வன்முறைக்கு அஞ்சி முன்கூட்டியே அவர்களைத் தடுத்துவிட்டிருந்தார்கள். கேலரிகளில் இருந்தவர்கள் ஒரே அணியைச் சேர்ந்தவர்கள். அப்படியானால் யாரோடு யார் மோதி இத்தனை பேர் இறந்தார்கள்?

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், ‘கால்பந்து வன்முறை’ என்ற ஒரே தலைப்பின் கீழ் இரண்டு வேறு கேள்விகளைப் போட்டுக் குலுக்குவதுதான். ரசிகர்கள் ஏன் அடித்துக்கொள்கிறார்கள் என்பது ஒரு கேள்வி. மைதானங்களில் மக்கள் எதனால் கொத்துக்கொத்தாகச் சாகிறார்கள் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கான விடையே இரண்டாவதற்கும் பொருந்தும் என்று காவல்துறையும் கால்பந்துச் சங்கங்களும் செய்தித்தாள்களும் நெடுங்காலம் நம்பின. சில வேளைகளில், அப்படி நம்புவது வசதியாக இருந்ததால் நம்பின.

ஹூலிகன் என்பவர் யார்?

‘ஹூலிகன்’ என்ற சொல் 1898 வாக்கில் லண்டன் நாளேடுகளில் தெருச் சண்டியர்களைக் குறிக்கப் புழக்கத்துக்கு வந்தது. கால்பந்தோடு அது ஒட்டிக்கொண்டது 1960-களில். கோபத்தில் நாற்காலியை உடைப்பவர், போதையில் பாட்டிலை வீசுபவர், திட்டமிட்டுக் கத்தியோடு வருபவர் எல்லோரையும் இந்த ஒரே சொல்லால் அழைக்கிறோம். ஆனால், அமைப்பாகத் திரண்ட ரசிகர் கூட்டங்கள் குறைந்தது மூன்று வகைப்படும்.

1. இங்கிலாந்தின் ‘ஃபர்ம்’. சண்டைக்கென்றே சேரும் குழு. வெஸ்ட் ஹாம் அணியின் ‘இன்டர் சிட்டி ஃபர்ம்’ என்ற பெயர், அவர்கள் ஏறிச்சென்ற இன்டர்சிட்டி ரயிலிலிருந்து வந்தது. காவலர்களின் கண் சாதாரண ரசிகர்கள் ஏறும் சிறப்பு ரயில்களின் மீது இருக்க, இவர்கள் வழக்கமான பயணிகள் ரயிலில் போய் இறங்கினார்கள். அணியின் சட்டையும் கழுத்துத் துணியும் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் விலையுயர்ந்த வணிக முத்திரை ஆடைகளை உடுத்தினார்கள். அடிபட்டுக் கிடப்பவர் மேல், தங்கள் குழுவின் பெயர் அச்சிட்ட முகவரி அட்டையை வைத்துவிட்டுப் போவதும் வழக்கமாக இருந்தது.

2. இத்தாலியில் 1960-களின் இறுதியில் பிறந்த ‘அல்ட்ராஸ்’. பெரிய பதாகை, வண்ணப்புகை, தொண்ணூறு நிமிடமும் ஓயாத பாட்டு ஆகியவை இவர்களின் அடையாளம். இவர்களில் சண்டைக்காரர்கள் உண்டு. ஆனால் சண்டை இவர்களின் தொழில் அல்ல. அரசியல் சார்பு, வலதோ இடதோ, பெரும்பாலும் வெளிப்படையாகவே இருக்கும். 2007 பிப்ரவரியில் கட்டானியாவில் கட்டானியா–பலெர்மோ ஆட்டத்தை ஒட்டிய கலவரத்தில் காவல் அதிகாரி ஒருவர் இறந்த பிறகு, இத்தாலிய அரசு மைதானப் பாதுகாப்பு விதிகளை இறுக்கியது.

3. அர்ஜென்டினாவின் ‘பார்ரா பிராவா’. இதைத் தொழில் என்றே சொல்ல வேண்டும். கிளப் நிர்வாகிகளிடமிருந்து நுழைவுச்சீட்டுகளைப் பெற்றுக் கூடுதல் விலைக்கு விற்பது, ஆட்ட நாளில் மைதானத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வண்டி நிறுத்தக் கட்டணம் என்று வசூலிப்பது, கிளப் தேர்தலிலும் ஊர் அரசியலிலும் தொழிற்சங்கச் சண்டைகளிலும் ஆள்பலமாகப் போய் நிற்பது ஆகியவை இவர்களின் வருமான வழிகள். நம் ஊரில் தேர்தல் நேரத்து அடியாள் கூட்டத்தையும் வண்டி நிறுத்தக் குத்தகையையும் அறிந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வதில் சிரமம் இராது.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பதற்கு அர்ஜென்டினாவே சான்று. 2013-இல் ரசிகர் ஒருவர் இறந்ததை அடுத்து, எதிரணி ரசிகர்கள் ஆட்டம் பார்க்க வருவதையே அங்கே தடை செய்தார்கள். எதிரி இல்லாவிட்டால் சண்டை இல்லை என்பது கணக்கு. சாவுகள் நிற்கவில்லை, ஏனென்றால் பல கொலைகள் ஒரே கிளப்பின் பார்ராவுக்குள், வருமானத்தைப் பங்கிடும் கோஷ்டிகளிடையே நடப்பவை. 2018 நவம்பரில் ரிவர் பிளேட்–போகா ஜூனியர்ஸ் இடையிலான கோப்பா லிபர்டடோரெஸ் இறுதிப் போட்டிக்கு வந்த போகா வீரர்களின் பேருந்து கல்வீச்சுக்கு உள்ளானது. அப்போதும் போகா ரசிகர்களுக்கு அனுமதி கிடையாது. ஆட்டத்தைக் கடைசியில் மாட்ரிட்டில் நடத்தினார்கள். ஸ்பெயினின் ஆட்சியிலிருந்து தென்னமெரிக்காவை விடுவித்தவர்களின் நினைவாகப் பெயரிடப்பட்ட கோப்பையை ஸ்பெயினின் தலைநகரில் வைத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

பகையின் வேர்

பதினொரு பேர் பந்தை உதைப்பதற்காக யாரும் தலைமுறை தலைமுறையாகப் பகை வளர்ப்பதில்லை. ஏற்கெனவே ஊரில் இருக்கும் பிளவு கிளப்பின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறது. கிளாஸ்கோவில் செல்டிக் கிளப் 1880-களில் ஐரிஷ் கத்தோலிக்க ஏழைகளுக்காக நிதி திரட்டத் தொடங்கப்பட்டது. ரேஞ்சர்ஸ் புராட்டஸ்டன்ட் தரப்பின் அணியாக நிலைபெற்றது. யூகோஸ்லாவியாவின் ஜாக்ரெபில் 1990 மே 13 அன்று குரோஷியத் தரப்பின் டினமோவும் செர்பியத் தரப்பின் ரெட் ஸ்டாரும் மோதவிருந்த ஆட்டம் கலவரத்தால் நின்றது குரோஷிய–செர்பியப் பிளவின் வெளிப்பாடு. யூகோஸ்லாவியப் போர் அந்த மைதானத்தில்தான் தொடங்கியது என்று சொல்வது மிகை. ஆனால் ரெட் ஸ்டார் ரசிகர் கூட்டத்தின் தலைவராக இருந்த ஆர்கான் அடுத்த ஆண்டுகளில் அதே கூட்டத்திலிருந்து தன் துணைப்படைக்கு ஆள் சேர்த்தது உண்மை.

நமக்கு அருகிலுள்ள எடுத்துக்காட்டு கொல்கத்தா. மோகன் பகான் கிளப் 1889-இல் தோன்றியது. 1911-இல் ஆங்கிலேயப் படைப்பிரிவு அணியை வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைப் பெற்றது. ஈஸ்ட் பெங்கால் 1920-இல் பிறந்தது. மேற்கு வங்கத்தின் பூர்வகுடிகளான ‘கோட்டி’களுக்கும், கிழக்கிலிருந்து வந்த ‘பாங்கால்’களுக்கும் இடையே பேச்சு, சமையல், பழக்கம் என எல்லாவற்றிலும் ஒரு கேலி ஓடிக்கொண்டிருந்தது. 1947 பிரிவினை அந்தக் கேலிக்குள் அகதி வாழ்வின் கசப்பைக் கொண்டுவந்தது. வீடும் நிலமும் இழந்து சியால்தா ரயில் நிலையத்தில் வந்து இறங்கியவருக்கு, ஊரின் பெயரைத் தாங்கிய கிளப் ஒன்று இருந்தது பெரிய ஆறுதல். ஈஸ்ட் பெங்கால் வென்றால் ஹில்சா மீன், மோகன் பகான் வென்றால் இறால் என்று அன்றைய இரவுச் சமையல்கூட ஆட்டத்தின் முடிவைப் பொறுத்தது.

1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸில் இந்த இரு அணிகளும் மோதின. ஒரே கேலரியில் இரு அணி ரசிகர்களும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டத்தில் முரட்டுத்தனம் ஏறி, இரு அணிகளிலிருந்தும் ஆளுக்கொருவரை நடுவர் வெளியேற்றிய நேரத்தில் கேலரியில் கல்லும் செங்கல்லும் பறந்தன. பயந்து வெளியேற முயன்றவர்கள் நெரிசலில் சிக்கினார்கள். 16 பேர் வீடு திரும்பவில்லை. வங்காளத்தில் அந்த நாள் கால்பந்து ரசிகர் தினமாக, ரத்த தான முகாம்களோடு கடைப்பிடிக்கப்படுகிறது. சண்டையை மூட்டியது பகை என்பதில் ஐயமில்லை. ஆனால் இரு தரப்பையும் ஒரே கேலரியில் கலந்து உட்காரவிட்டது பகை அல்ல. அது மைதான நிர்வாகத்தின் வேலை.

2024 ஆகஸ்டில் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் கொல்லப்பட்டதை எதிர்த்துப் போராட்டம் வலுத்தபோது, பாதுகாப்புக்குக் காவலர்கள் போதாது என்று டியூராண்ட் கோப்பையில் இந்த இரு அணிகளும் மோதவிருந்த ஆட்டம் ரத்தானது. அன்று சால்ட் லேக் மைதானத்துக்கு வெளியே இரு கிளப் கொடிகளும் ஒரே ஊர்வலத்தில் வந்தன. காவலர்களின் தடியடியும் இரு தரப்புக்கும் சேர்த்தே விழுந்தது.

நான்கு ஆண்டு இடைவெளியில் இரண்டு மைதானங்கள்

முதலாவது ஹெய்சல். 1985 மே 29, பிரஸ்ஸல்ஸ். ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டியில் லிவர்பூலும் யுவென்டஸும் ஆட வேண்டும். நடுநிலைப் பார்வையாளர்களுக்கென ஒதுக்கிய ‘இசட்’ பகுதிச் சீட்டுகள் பெல்ஜியத்தில் வாழ்ந்த இத்தாலியர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. அடுத்த பகுதியில் லிவர்பூல் ரசிகர்கள். நடுவே ஒப்புக்கு ஒரு கம்பி வலை, விரல்விட்டு எண்ணும் அளவில் காவலர்கள். மைதானம் பழையது, காலடியில் பெயர்ந்து கிடந்த சிமென்ட் துண்டுகளே வீசுவதற்குப் போதுமானதாக இருந்தன. ஆட்டம் தொடங்குவதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு லிவர்பூல் ரசிகர்கள் வலையைச் சாய்த்துப் பாய்ந்தார்கள். இத்தாலியர்கள் பின்வாங்கிக் கடைசிச் சுவரை ஒட்டி நசுங்கினார்கள்; சுவர் இடிந்தது. 39 பேர் இறந்தார்கள். ஆட்டம் அதன் பிறகும் நடந்தது. யுவென்டஸ் 1–0 என்று வென்றது.

இது ஹூலிகன்களின் செயல்தான். லிவர்பூல் ரசிகர்கள் 14 பேர் மரணம் விளைவித்த குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். ஆங்கிலேய கிளப்புகள் ஐந்து ஆண்டுகளும், லிவர்பூல் ஆறு ஆண்டுகளும் ஐரோப்பியப் போட்டிகளில் ஆட முடியவில்லை. அதே வழக்கில் பெல்ஜியக் காவல் அதிகாரி ஒருவரும் கால்பந்துச் சங்க நிர்வாகி ஒருவரும் தண்டனை பெற்றது மட்டும் அவ்வளவாகப் பேசப்படவில்லை. இந்த மைதானம் வேண்டாம் என்று லிவர்பூல் கிளப் நிர்வாகமே முன்கூட்டி எச்சரித்திருந்ததும் அப்படியே.

இரண்டாவது ஹில்ஸ்பரோ. 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்ட் நகரம். லிவர்பூலுக்கும் நாட்டிங்காம் ஃபாரஸ்டுக்கும் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. 1970-களிலிருந்தே இங்கிலாந்து மைதானங்களில், ரசிகர்கள் ஆடுகளத்துக்குள் குதிக்காதிருக்க, நிற்கும் கேலரிகளின் முன்னால் உயரமான இரும்பு வேலிகள் போட்டிருந்தார்கள். செல்சி கிளப்பின் தலைவர் 1985-இல் அதில் மின்சாரம் பாய்ச்சவே ஏற்பாடு செய்தார். மாநகர நிர்வாகம் தடுத்ததால் அது இயக்கப்படவில்லை. மாட்டுக்கு வேலி போடுவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

ஹில்ஸ்பரோவில் லிவர்பூல் தரப்புக்கு ஒதுக்கிய பக்கத்தில் நுழைவாயில்கள் போதவில்லை. வெளியே கூட்டம் நெருக்கியது. பிற்பகல் 2.52-க்குக் காவல்துறைத் தளபதியின் உத்தரவின் பேரில் ‘சி’ கதவு திறக்கப்பட்டது. அதிலிருந்து நேராகப் போகும் சுரங்க வழி, ஏற்கெனவே நிரம்பியிருந்த நடுப் பட்டிகளில், அதாவது கேலரியில் வேலிகளால் தடுத்த பகுதிகளில், கொண்டுபோய் விட்டது. அந்த வழியை அடைத்துக் கூட்டத்தை ஓரப் பட்டிகளுக்குத் திருப்பிவிட ஒருவரும் இல்லை. 3.06-க்கு ஆட்டம் நிறுத்தப்பட்டபோது, வேலிக்குப் பின்னால் மக்கள் நின்றபடியே இறந்துகொண்டிருந்தார்கள். மேல் கேலரியில் இருந்தவர்கள் குனிந்து கைகொடுத்துச் சிலரைத் தூக்கினார்கள். விளம்பரப் பலகைகளைப் பெயர்த்து ஸ்ட்ரெச்சராக்கி ரசிகர்களே உடல்களைச் சுமந்தார்கள். அதே நேரம் ஆடுகளத்தின் குறுக்கே காவலர்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்: லிவர்பூல் ரசிகர்கள் ஃபாரஸ்ட் ரசிகர்களைத் தாக்கிவிடாமல் தடுக்க!

ஹெய்சலின் நிழல் விழுந்த இடம் அதுதான். ரசிகர்கள்தான் கதவை உடைத்து நுழைந்தார்கள் என்று தளபதி அன்றே பொய் சொன்னார். இறந்தவர்களின் உடலில் மது அளவு சோதிக்கப்பட்டது, சிறுவர்களையும் விட்டுவைக்கவில்லை. நான்கு நாள் கழித்து ஒரு நாளேடு, ரசிகர்கள் பிணங்களிடம் திருடினார்கள் என்று முதல் பக்கத்தில் அச்சிட்டது. முக்கியக் காரணம் காவல்துறையின் கட்டுப்பாட்டுத் தோல்வி என்று விசாரணை நடத்திய நீதிபதி டெய்லர் அதே ஆண்டே சொல்லிவிட்டார். ஆனாலும் பொய் நீடித்தது. 164 காவலர் வாக்குமூலங்கள் திருத்தப்பட்டிருந்தன என்பதை 2012-இல் சுயேச்சைக் குழு வெளிக்கொண்டுவந்தது. இறந்தவர்கள் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்கள் மீது குற்றமில்லை என்று 2016-இல் மரண விசாரணை ஜூரி தீர்ப்பளித்தது. காயத்தின் விளைவாக 2021-இல் இறந்தவரையும் சேர்த்து எண்ணிக்கை 97.

ஹெய்சலில் லிவர்பூல் ரசிகர்கள் குற்றவாளிகள். ஹில்ஸ்பரோவில் அவர்கள் பலியானவர்கள். இரண்டையும் ஒரே சொல்லால் விவரிக்க முடிந்ததால்தான் அந்தப் பொய் 27 ஆண்டுகள் ஓடியது.

நெரிசல் கொல்லும் முறை

‘நெரிசலில் மிதிபட்டு’ என்று செய்திகளில் எழுதுகிறோம். உண்மையில் நெரிசலில் இறப்பவர்களில் பெரும்பாலோர் கீழே விழுவதற்கு முன்பே மூச்சடைத்து இறக்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஐந்து பேருக்கு மேல் நிற்கும்போது ஆபத்து தொடங்குகிறது. ஆறு, ஏழு என்றாகும்போது தனி மனிதரின் விருப்பத்துக்கு வேலையில்லை; கூட்டம் தண்ணீரைப் போல அலையடிக்கிறது. மார்புக்கூடு விரிய இடமில்லாததால் மூச்சை உள்ளே இழுக்க முடிவதில்லை. பின்னால் இருப்பவர்களுக்கு முன்னால் நடப்பது தெரியாது. அவர்கள் தள்ளுவதில் வஞ்சகமும் இல்லை. ஆகவே வழி எவ்வளவு அகலம், கதவு எந்தப் பக்கம் திறக்கும், திறந்திருக்கிறதா என்பவைதான் உயிரைத் தீர்மானிக்கின்றன.

இதோடு கண்ணீர்ப்புகை சேர்ந்தால் என்ன ஆகும் என்பது 1964-லேயே தெரிந்துவிட்டது. அந்த ஆண்டு மே 24 அன்று லிமாவில் பெரு–அர்ஜென்டினா ஆட்டத்தில் நடுவர் ஒரு கோலை மறுத்ததும், ரசிகர்கள் சிலர் ஆடுகளத்துக்குள் இறங்கினார்கள். காவலர்கள் கேலரியில் புகைக்குண்டு வீசினார்கள். மக்கள் படிக்கட்டுகளில் இறங்கி ஓடியபோது கீழே தெருப்பக்க இரும்புக் கதவுகள் சாத்தியிருந்தன. அரசுக் கணக்கில் 328 பேர் இறந்தார்கள். 2001 மே 9 அன்று கானாவின் அக்ராவில் ஹார்ட்ஸ் ஆஃப் ஓக்–அசான்டே கோட்டோகோ ஆட்டத்தில் அதே வரிசை மீண்டும் வந்தது: நாற்காலிகளைப் பிய்த்து வீசிய ரசிகர்கள், புகைக்குண்டு, பூட்டிய கதவு, 120-க்கும் மேற்பட்ட உயிர்கள்.

கஞ்சுருஹானின் புதிருக்கு விடை இதுவே. தோல்விக்குப் பிறகு அரேமா ரசிகர்கள் ஆடுகளத்துக்குள் இறங்கியதும் கலவரம் மூண்டதும் உண்மை. இறந்தவர்களில் காவலர்கள் இருவரும் உண்டு. ஆனால் காவல்துறை புகைக்குண்டுகளைக் கேலரிகளை நோக்கியும் சுட்டது. 38,000 பேருக்கான மைதானத்துக்குச் சுமார் 42,000 சீட்டுகள் விற்கப்பட்டிருந்தன. வெளியேறும் கதவுகள் சில முழுதாகத் திறக்கப்படவில்லை. 13-ஆம் எண் வாயிலில் உடல்கள் குவிந்தன. கூட்டத்தைக் கலைக்கும் வாயுவை மைதானத்தில் பாதுகாவலர்கள் வைத்திருக்கவும் பயன்படுத்தவும் கூடாது என்று ஃபிஃபாவின் பாதுகாப்பு விதி சொல்கிறது. அந்த விதி எழுத்தில் இருந்தது.

எகிப்தின் போர்ட் சயீத் இதிலிருந்து வேறுபட்டது. 2012 பிப்ரவரி 1 அன்று சொந்த ஊர் அணியான அல் மஸ்ரி 3–1 என்று வென்ற பிறகும், அதன் ரசிகர்கள் கத்தியோடும் தடியோடும் அல் அஹ்லி ரசிகர்களின் பகுதிக்குள் புகுந்தார்கள். 70-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இது நேரடித் தாக்குதல். ஆயினும் அங்கேயும் வெளிவாயில் பூட்டியிருந்தது, விளக்குகள் அணைந்தன, காவலர்கள் கைகட்டி நின்றார்கள். அல் அஹ்லி அல்ட்ராஸ் முந்தைய ஆண்டு அதிபர் முபாரக்குக்கு எதிரான எழுச்சியில் காவலர்களோடு முன்வரிசையில் மோதியவர்கள். அதற்குப் பழிவாங்கவே காவல்துறை ஒதுங்கி நின்றது என்று அவர்கள் உறுதியாக நம்பினார்கள்.

எது பலித்தது?

இங்கிலாந்து திருந்திய கதை பல இடங்களில் தவறாகச் சொல்லப்படுகிறது. தாட்சர் அரசு முதலில் முன்வைத்தது, ஒவ்வொரு ரசிகருக்கும் அடையாள அட்டை என்ற திட்டம். டெய்லர் அறிக்கைக்குப் பிறகு அது கைவிடப்பட்டது. நடைமுறைக்கு வந்தவை வேறு.

1. வேலிகள் அகற்றப்பட்டன, முதல் இரண்டு நிலை கிளப்புகளின் மைதானங்கள் 1994 ஆகஸ்டுக்குள் முழுவதும் இருக்கை மயமாக வேண்டும் என்றானது.

2. நீதிமன்றத் தடையாணை வந்தது. குறிப்பிட்ட நபர் 3 முதல் 10 ஆண்டுகள் வரை ஆட்டத்துக்குப் போகக் கூடாது. தேசிய அணி வெளிநாட்டில் ஆடும்போது பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். கூட்டத்தைத் தண்டிப்பதிலிருந்து ஆளைத் தண்டிப்பதற்கு மாறிய இடம் இது.

3. கண்காணிப்புக் கேமராக்களும், ஒவ்வொரு கிளப்பின் சண்டைக்காரர்களை முகத்தால் அறிந்த காவலர்களும் வந்தார்கள்.

4. சீட்டு விலை ஏறியது. இதை யாரும் பாதுகாப்பு நடவடிக்கையாக அறிவிக்கவில்லை. ஆனால் சண்டைக்காரர்களோடு சேர்த்து ஏழை இளைஞர்களையும் அது வெளியேற்றியது. இந்த விலை நியாயமானதென்று எனக்குத் தோன்றவில்லை.

காவல்துறையின் நடத்தை கூட்டத்தின் நடத்தையை எப்படி மாற்றுகிறது என்பதற்கு, தேசிய அணிகளுக்காக 2004-இல் போர்ச்சுகலில் நடந்த யூரோ போட்டி நல்ல சான்று. கிளிஃபர்ட் ஸ்டாட், ஸ்டீபன் ரைக்கர் போன்ற சமூக உளவியலாளர்கள் சொல்வது இது: கூட்டத்தில் பலவகை மனிதர்கள் இருக்கிறார்கள், எல்லோரையும் ஒரே மாதிரி தடியால் அணுகும்போது, அதுவரை சண்டைக்காரனை வெறுத்தவனும் அவன் பக்கம் போய் நிற்கிறான். போர்ச்சுகலின் நகரக் காவல்துறை இந்தக் கருத்தை ஏற்று, கவச உடைக் காவலர்களைக் கண்ணுக்குத் தெரியாமல் நிறுத்திவிட்டு, சாதாரணச் சீருடையில் ரசிகர்களோடு பேச ஆட்களை அனுப்பியது. பெரும் எண்ணிக்கையில் வந்த இங்கிலாந்து ரசிகர்களால் போட்டி நகரங்களில் பெரிய தொல்லை எழவில்லை. வேறொரு காவல் படையின் பொறுப்பில், பழைய முறையே தொடர்ந்த அல்புஃபேரா கடற்கரை ஊரில் கலவரம் வெடித்தது.

பாரிஸ், 2022

2022 மே 28 அன்று பாரிஸை ஒட்டிய ஸ்டாட் டி ஃபிரான்ஸ் மைதானத்தில் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி. ஆடியவை லிவர்பூலும் ரியல் மாட்ரிடும். குறுகலான சோதனைச் சாவடியில் ஆயிரக்கணக்கான லிவர்பூல் ரசிகர்கள் தேங்கினார்கள், கதவுகள் அடைக்கப்பட்டன, காவலர்கள் வரிசையில் நின்றவர்கள் மேல் மிளகுத் தெளிப்பும் கண்ணீர்ப்புகையும் பயன்படுத்தினார்கள். ஆட்டம் அரை மணி நேரத்துக்கும் மேல் தாமதமானது. ரசிகர்கள் தாமதமாக வந்ததே காரணம் என்று மைதானத் திரையில் அறிவிப்பு ஓடியது. போலிச் சீட்டோடும் சீட்டே இல்லாமலும் 30,000 முதல் 40,000 பேர் வந்தார்கள் என்று பிரெஞ்சு உள்துறை அமைச்சர் சொன்னார். அந்த எண்ணுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. முதன்மைப் பொறுப்பு ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஃபாவையே சாரும் என்று, யூஃபா நியமித்த சுயேச்சை ஆய்வுக் குழு 2023 பிப்ரவரியில் அறிவித்தது. ஹூலிகன்கள் வருவார்கள் என்ற எதிர்பார்ப்பிலேயே காவல் திட்டம் வகுக்கப்பட்டிருந்ததையும் அது சுட்டியது.

அன்று யாரும் இறக்கவில்லை. நெரிசலில் சிக்கியவர்கள் ஒருவரையொருவர் தாங்கி, பலவீனமானவர்களைக் காத்தது அதற்கு உதவியது என்று அதே அறிக்கை குறிப்பிடுகிறது. அந்தக் கூட்டத்தில் ஹில்ஸ்பரோவில் உயிர் தப்பியவர்களும் இருந்தார்கள்.